போனை எடுக்காத மிஷின்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் வந்து நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவள் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்பு தேடிக்கொண்டிருந்தேன் என்றால் பாருங்கள். ஒருநாள் மேனேஜரிடம் போய் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். அவர் ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள் பதிலும் சொல்லிவிட்டேன். திண்டிவனத்தில் ஏஐ ஆட்டோமேஷன் தொழில் தொடங்கப்போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அம்மா சிரிக்கவில்லை. விழுப்புரத்தில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தவள் அவள். அப்பா நான் இரண்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை என்பது அம்மாவுக்குச் சாமி மாதிரி. அதைப் போய் நான் விட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.

"ஆறு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கூட இல்ல. தொழிலு ஓடலன்னா பேசாம போய் அதே நாற்காலில உக்காந்துடணும். என் தலையில கை வெச்சி சொல்லு."

வைத்துச் சொன்னேன். எண்ணெய் தேய்த்த தலை. கையைத் துடைத்துக்கொண்டே என்ன சொல்லிவிட்டோம் என்று கொஞ்சம் பயந்தேன், ஆனால் அன்று இருந்த உற்சாகத்தில் எதற்கும் சத்தியம் செய்திருப்பேன்.

தொழிலில் கூட்டாளி என் கல்லூரித் தோழி. திண்டிவனத்துக்காரி. நிரல் எழுதுவது அவள், பேசுவது நான். நான் கத்தினால் அவள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள், அதனால்தான் எங்கள் நட்பு இத்தனை வருஷம் தாங்கியிருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்தோம். நான் தினமும் காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். ஒரே ஒரு ரிங், அவ்வளவுதான். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். கல்லூரிக்குப் போன காலத்தில் தொடங்கிய பழக்கம். இப்போது நாள் முழுக்கப் பேசினாலும் யாரும் கூடுதல் காசு கேட்கப்போவதில்லை, ஆனாலும் எங்களுக்குள் அது மாறவே இல்லை. அம்மா எடுக்க மாட்டாள், திருப்பி அடிக்கவும் மாட்டாள்.

எங்கள் தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு கடைக்கோ ஆபீசுக்கோ வரும் போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் எங்கள் மிஷின் பதில் சொல்லும், என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும், உள்ளே வேலை செய்பவர்களுக்கு அதைத் தெரிவித்துவிடும். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. மெஸ் நடத்தும் ஒருவர் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது தோச ஊத்துமா?" என்றார். ஊத்தாது என்றேன். "அப்ப எதுக்கும்மா அது?" என்று இலையை எடுக்கப் போய்விட்டார்.

முதல் வாடிக்கையாளர் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் யார் கேட்டாலும் மிஷின் சொல்லும். முதல் ஆள் கேட்டு, முதல் பதில் போனபோது நாங்கள் இருவரும் அறையில் குதித்த குதியில், கீழேயிருந்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஏறி வந்து பார்த்தார். அடுத்து விழுப்புரத்தில் ஒரு டியூஷன் சென்டர். பிறகு கோட்டக்குப்பத்தில் தண்ணீர் கேன் போடும் ஒருவர். எல்லாமே சின்ன வேலைகள், ஆனால் ஒவ்வொன்றும் ஓடியது! காலையில் கண் விழிக்கும்போதே, இன்றைக்கு யாரைப் பிடிக்கலாம் என்றுதான் மனசு துள்ளும். ஒன்பது வருஷ நாற்காலியில் அப்படி ஒரு காலை எனக்கு வாய்த்ததே இல்லை.

ஆனால் இரண்டு பேர் பிழைக்க இதெல்லாம் போதாது. பெரிதாக ஒன்று அமைய வேண்டும். ஆறாவது மாதம் பாதி போனபிறகுதான் ஐஸ் கம்பெனி முதலாளி கிடைத்தார்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இருந்தது அந்த ஐஸ் கம்பெனி. கடலோரக் குப்பங்களில் படகு கரைக்கு வந்ததும் மீனுக்கு ஐஸ் வேண்டும். ஆள் உயரத்துக்கு நீளமான ஐஸ் கட்டி, அதை 'பார்' என்பார்கள். வண்டியில் போகிறபோதே உடைத்துக்கொண்டு போய்ப் பெட்டிகளில் கொட்டுவார்கள். முதலாளி பாண்டிச்சேரியில் இருப்பவர். அப்பா நடத்திய கம்பெனியை இரண்டு வருஷமாக இவர் பார்க்கிறார், அதுவும் மதியத்துக்கு மேல் வந்துதான்.

"இங்க பாரும்மா, காலையில ஆனா போன் அடிச்சிக்கினே கெடக்குதாம். அந்தம்மா போன முன்னாடி வெச்சிக்கினு பாத்துக்கினே இருக்குது, எடுக்கவே மாட்டேங்குது. கேட்டா, 'அதெல்லாம் ஐஸ் போயிடும் சார்'ன்னுது. பெரிய பேஜாரா இருக்குது."

அந்தம்மா என்று அவர் சொன்னது கம்பெனியில் போனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை. மகள் பிரசவத்துக்காக விழுப்புரம் போக அடுத்த திங்கட்கிழமையிலிருந்து லீவு கேட்டிருந்தார். ஆளில்லாத நேரம் பார்த்து மிஷினைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் முதலாளி. அது சரியாக ஓடினால் தன்னுடைய மற்ற இரண்டு ஐஸ் கம்பெனிகளையும் கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு அப்போதே சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

அந்தப் போனின் பழைய பட்டியலை வாங்கிப் பார்த்தோம். திரை முழுக்க மிஸ்டு கால். காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை மிஸ்டு கால், மிஸ்டு கால், மிஸ்டு கால். "அய்யோ பாவம், எவ்ளோ கஸ்டமர விட்டுக்கினு இருக்காங்க பாருடி!" என்றேன் தோழியிடம். அதைச் சிவப்புக் கலரில் படமாகப் போட்டு, 'நீங்கள் தவறவிட்ட வாடிக்கையாளர்கள்' என்று தலைப்புக் கொடுத்து முதலாளியிடம் காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை.

ராப்பகலாக உட்கார்ந்து குரலைச் சரி செய்தோம். செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டாம், நம்ம பக்கத்துப் பேச்சு வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "சொல்லுங்கண்ணா, எத்தினி பார் ஐஸ் வேணும்?" என்று அது கேட்கும்போது சத்தியமாகப் பக்கத்து வீட்டுப் பெண் கேட்பது போலவே இருக்கும். முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிடும். அதுதான் எங்கள் பெருமையிலேயே பெரிய பெருமை.

திங்கட்கிழமை தொடங்கினோம். விடுப்பு வெள்ளிக்கிழமை முடிகிறது. வருகிறேனா இல்லையா என்று அதற்குள் சென்னைக்குச் சொல்லிவிட வேண்டும்.

முந்தின நாள் தோழி வீட்டிலேயே தங்கி, விடிந்ததும் மாடி அறையில் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டோம். ஐந்தேகாலுக்கு முதல் போன். எடுத்தது! இரண்டாவது. எடுத்தது! பத்து, இருபது, ஐம்பது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஏழு மணிக்கு வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு போன் வந்துகொண்டிருந்தது. "பாத்தியா, விஷயம் பரவிடுச்சி, ஆளுங்க ஆசையா கூப்புடறாங்க!" என்று நான் தோழியின் முதுகில் அடித்தேன். அவள் மட்டும் எதையோ முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்டர் எங்கடி? போன் வருது. ஆர்டரு ஒண்ணு கூட காணோம்."

நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. முதலாளி. அவர் அந்த நேரத்தில் விழித்திருப்பதே அதிசயம்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? ஒரு பார் கூட வெளிய போல! வண்டிங்க எல்லாம் அப்படியே நிக்குது! கரையில மீனு வெயில்ல கெடக்குது, ஆளுங்க பாண்டியிலேர்ந்து ஐஸ் வரவழைச்சிக்கினு இருக்கானுங்க!"

பதிவான பேச்சுகளை எடுத்துக் கேட்டோம். முதலில் எஞ்சின் சத்தம், காற்று. அதற்கு நடுவில் எங்கள் பெண்குரல் அழகாக, "சொல்லுங்கண்ணா" என்கிறது. அந்தப் பக்கம் ஒருவர் அலறுகிறார்: "எடுத்துட்டாங்கடா! கட் பண்ணு, கட் பண்ணு!" அடுத்ததில் இன்னொருவர்: "யம்மா, நீ யாரு? எதுக்கும்மா போன எடுக்கற?" அதற்கும் மிஷின் பணிவாக, "எத்தினி பார் வேணும்ண்ணா?" என்றது. மூன்றாவது ஆள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த பஸ்ஸில் ஐஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் படகுக்காரர் ஒருவர் ஈர லுங்கியோடு வண்டியில் ஐஸ் ஏற்றுகிறவரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். நாங்கள்தான் அந்த மிஷின்காரிகள் என்று தெரிந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சிக்னல் கெடைக்கற எடத்துக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுப்போம். ஒரு கை எஞ்சின்ல. போனு பிளாஸ்டிக் கவர்ல. காது கேக்காது. இதுல எங்க நின்னு உங்கூட பேசறது? அடிச்சி கட் பண்ணுனா ஐஸ் வந்து கரையில நிக்கும். எங்கப்பா காலத்துலேர்ந்து இது தான். போன எடுக்காம இருக்கறது தாம்மா அந்த அக்காவோட வேலையே!"

நான் எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பவள். அன்று குனிந்து என் கையைப் பார்த்தேன். கையில் போன். அன்று விடிகாலையில்தான், தோழி வீட்டில் தூங்கி எழுந்துவிட்டேன் என்று அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு ரிங் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டியலில் சிவப்பில் போட்டேனே, தவறவிட்ட வாடிக்கையாளர்கள் என்று, அதில் ஒருவரும் தவறவே இல்லை. வேறு யாருக்காவது தெரியாமல் இருந்தால் மன்னிக்கலாம், எனக்குத் தெரியாமல் போனதற்கு மன்னிப்பே கிடையாது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதலாளி போனில், மூட்டையைக் கட்டுங்கள் என்றார். நான் கெஞ்சினேன். வாழ்க்கையில் எனக்கு வராத இரண்டாவது விஷயம் அது. வியாழக்கிழமை ஒரு காலை மட்டும் கொடுங்கள் என்றேன். "அந்தம்மா சரின்னு சொன்னா பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அன்று மதியமே விழுப்புரத்தில் அக்காவின் மகள் வீட்டைக் கண்டுபிடித்தோம். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பிறந்து நாலு நாளான பேத்தி. எங்களை உட்காரச் சொல்லவே இல்லை.

"என் வேலைக்கி உலை வைக்கத்தான் வந்தீங்களா? காலையிலேர்ந்து எனக்கு எத்தினி போன் தெரியுமா? 'அக்கா, யாரோ எடுக்கறாங்கக்கா'ன்னு அழுவாத கொறையா சொல்றானுங்க."

"தப்பு என்னோடதுக்கா. உங்கள கேக்காம பண்ணிட்டேன்" என்றேன். அதை ஒளித்து வைத்துப் பிரயோஜனமில்லை. பிறகு, "மிஷினு போன எடுக்காது. நீங்க பாக்கற மாதிரி பாத்துக்கினு மட்டும் இருக்கும்" என்றேன்.

அக்கா பேத்தியை அடுத்த தோளுக்கு மாற்றினார். "அஞ்சு மணிக்கி உக்காந்தா பத்து மணி வரைக்கும் எழுந்திரிக்க முடியாது. ஒண்ணுக்குப் போவணும்னாலும் அடக்கிக்கினு தான் உக்காந்திருக்கணும். இத்தினி வருஷத்துல இது தான் நான் போட்ட மொத லீவு. அது பாத்துக்குமா?"

"பாத்துக்கும்."

"தெனம் காலையில நான் தான் அத ஓட்டி வுடணும். எது மாத்தணும்னாலும் என்னக் கேட்டு தான் மாத்தணும்."

சரி என்றேன். உட்காரச் சொன்னார். உடைத்த மல்லாட்டைப் பயறு, வேர்க்கடலைதான், ஒரு தட்டில் வந்தது. அக்கா நோட்டுப் புத்தகம் எதுவும் வைத்திருக்கவில்லை, எல்லாம் மனசில். எந்த நம்பர் எந்தக் குப்பம், யாருக்கு வழக்கமாக எத்தனை பார் என்று கடகடவென்று சொல்லச் சொல்ல, தோழி விரல் வலிக்கத் தட்டினாள். ஒரு ரிங் என்றால் வழக்கம்போல. சற்று நேரத்திலேயே இரண்டாவது ரிங் வந்தால் மீன் நிறைய, ஐஸை இரட்டிப்பாக அனுப்ப வேண்டும். மூன்று ரிங் வந்தால் ஐஸ் வேண்டாம்.

"ஐஸ் வேணாம்னா எதுக்குக்கா போனு?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கரைக்கி வந்துட்டாங்கன்னு தெரிய வேணாமா? பத்து மணிக்கி மேல யார் கிட்டேர்ந்து ரிங் வரலன்னு பாத்து வீட்டுக்கு நான் போன் பண்ணுவேன். வர்ற ரிங்க விட வராத ரிங்க தான் நல்லா பாக்கணும்."

சாயந்திரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மிஷின் வாங்கிய திட்டு, அக்கா, ஒரு ரிங், இரண்டு ரிங், மூன்று ரிங். அம்மா சிரிப்பாள் என்று பார்த்தேன். "வெள்ளிக்கிழமைக்கி இன்னும் எத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டாள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்து நாலு விரலைக் காட்டினேன்.

செவ்வாயும் புதனும் ஓடியதே தெரியவில்லை. ராப்பகலாக வளர்த்த குரலை முதல் வேலையாகத் தூக்கி எறிந்தோம். தோழிக்கு அதில் ஏக சந்தோஷம், பேசாத ஒன்றை உருவாக்குவது அவள் குணத்துக்குப் பொருந்தியது. புது மிஷின் போனை எடுக்காது. ரிங்கை எண்ணும், நம்பரைப் பார்க்கும், எந்தக் குப்பத்துக்கு எத்தனை பார் என்று ஏற்றுகிறவர்கள் போனுக்கு அனுப்பும். ஒருவர் வழக்கத்தைவிட நாலு நாளாகக் கூடுதலாக வாங்கினால், வழக்கத்தை மாற்றலாமா என்று அக்காவைக் கேட்கும். பத்து மணிக்கு, வராத ரிங்குகளின் பட்டியலை அக்காவுக்குக் கொடுக்கும். எழுத எழுத எனக்கு ஒன்று புரிந்தது. இதுவரை நாங்கள் எங்களிடம் இருந்ததை விற்றுக்கொண்டிருந்தோம், இதுதான் அவர்களுக்காகவே செய்தது. அந்த இரண்டு நாள் மாதிரி நான் எப்போதும் வேலை செய்ததில்லை. சாப்பிட மறந்தேன், கத்தவும் மறந்தேன். தோழி ஹெட்போன் மாட்டவே இல்லை.

வியாழக்கிழமை அக்காவே விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். தன் விரலால் மிஷினை ஓட்டிவிட்டார். ஐஸ் கம்பெனி வாசலில் மூன்று பேரும் நின்றோம். பனி இறங்கிய தரை. நான் கம்பெனிப் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போன் ஒருமுறை அடித்தது. நின்றது.

ஏற்றுகிறவர் தன் போனைப் பார்த்தார். "நாலு பார்!" என்று உள்ளே குரல் கொடுத்தார். ஐஸ் சறுக்கிக்கொண்டு வந்தது. வண்டி கிளம்பியது! நான் தோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்குள் அடுத்த ரிங், அடுத்தது, ஒரே நேரத்தில் மூன்று நம்பர். அக்கா மட்டும் உதடு அசைய ஒவ்வொன்றையும் மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏழரைக்கு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று ரோட்டைத் தாண்டிக் கடைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு டீ குடித்தார்.

பத்து மணிக்குப் பட்டியலில் ஒரு நம்பர் மட்டும் நின்றது. அக்கா உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டார். பக்கத்துக் குப்பத்தில் கரையேறிவிட்டார்கள், போன்தான் கடலோடு போய்விட்டது என்று பதில் வந்தது. அக்கா மிஷினைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இது கவனிக்குது" என்றார். பிறகு முதலாளிக்கு அவரே பேசினார். "வெச்சிக்கலாம் சார். ஆனா என்னையும் சேத்து தான்."

மற்ற இரண்டு கம்பெனிகளுக்கும் எப்போது வருகிறீர்கள் என்று முதலாளி கேட்டபோது, நான் அவர் முடிப்பதற்குள் நாளைக்கே என்றேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திண்டிவனம் பாலம் தாண்டுவதற்குள் சென்னைக்கு ராஜினாமாக் கடிதம் தட்டிவிட்டேன். ஒன்பது வருஷத்துக்கு நாலே வரி. அனுப்பிய பிறகுதான் அம்மா தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது. சத்தியத்தை மீறவில்லை, தொழில் ஓடுகிறது. ஆனால் மூன்று ஐஸ் கம்பெனியை நம்பி மாதச் சம்பளத்தை விட்டதை அவளுக்கு எப்படிச் சொல்வது? போனில் பேசினால் என் வாய் எதையாவது உளறிவிடும்.

அம்மாவுக்கு அடித்தேன். ஒரு ரிங், கட். பிறகு இன்னொரு முறை அடித்தேன். ஒரு ரிங், கட்.

விக்கிரவாண்டி வரைக்கும் ஒன்றும் இல்லை. கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். டோல்கேட்டில் வண்டி நின்றபோது மடியில் போன் ஒருமுறை அடித்து நின்றது. அம்மா. இத்தனை வருஷத்தில் அவள் திருப்பி அடித்ததே கிடையாது. கையில் எடுப்பதற்குள் இன்னொரு முறை அடித்து நின்றது. மூன்றாவதும் வந்துவிடுமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டேதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தெரியாது, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்து, "இன்னாம்மா ஆச்சி? வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார்.

"இல்லண்ணா" என்றேன். "மீனு நெறையண்ணா."

அவர் என் காலடியில் மீன் பையைத் தேடினார்.